தடம் இல்லாத முப்பது மீட்டர்

தொண்ணூறு என்று இலக்கியா சொன்னதும் கூட்டம் சற்று அடங்கிப் போனது. அந்த எண் எப்படி வந்தது என்று அங்கே ஒருத்தருக்கும் தெரியாது. ஆனால் எல்லோருக்கும் அது வேண்டியிருந்தது.

மாசி மாதம், வெயில் சாய்ந்த நேரம். அறந்தாங்கியிலிருந்து ஜெகதாப்பட்டினம் போகும் ரோட்டில், அவர்கள் தெரு வந்து சேரும் முக்கில், மீன் ஏற்றிய மினி லாரி ஒன்று கோணலாக நின்றது. பெட்டிகளில் ஐஸ் உருகித் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் கருப்பையாவின் மொபெட் நசுங்கிக் கிடந்தது. கருப்பையா இலக்கியாவுக்குச் சித்தப்பா முறை. தெருவுக்குள்ளிருந்து புல்லுக்கட்டோடு ரோட்டுக்கு ஏறியவரை வண்டி அடித்துவிட்டது. கால் எலும்பு முறிந்து, மதியமே ஆம்புலன்சில் புதுக்கோட்டைக்குக் கொண்டு போய்விட்டார்கள்.

இலக்கியா அப்போதுதான் பஸ்ஸிலிருந்து இறங்கினாள். அறந்தாங்கியில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறவள், எம்.எஸ்சி. அந்தத் தெருவில் டிகிரி வாங்கிய முதல் ஆள். அதை அவளும் மறந்ததில்லை, தெருவையும் மறக்க விட்டதில்லை. மாத்திரை அட்டையைக் கொண்டுவந்து எது காலையில், எது ராத்திரியில் என்று கேட்கிறவர்களிடம், "இதைக்கூட வாசிக்கத் தெரியாம என்னத்தப் பொழச்சீங்க" என்று ஒரு வார்த்தை விட்டுவிட்டுத்தான் படித்துச் சொல்வாள்.

வண்டியை ஓட்டி வந்தவன் முத்துராஜ். பக்கத்து ஊர்க்காரன். அரசுப் பள்ளியில் அவளோடு படித்து, பன்னிரண்டாம் வகுப்பில் கணக்கில் ஃபெயிலாகி, மறுபடி எழுதி மறுபடி ஃபெயிலாகி, கடைசியில் ஸ்டியரிங்கைப் பிடித்தவன். இப்போது போலீஸ் ஏட்டு முன்னால் சட்டைப் பட்டன் அறுந்து நின்றுகொண்டிருந்தான். யாரோ இரண்டு போட்டிருக்கிறார்கள்.

"சார், அறுபதுலதான் வந்தேன். ரோட்ல உளுந்துச் செடி பரப்பிக் கெடந்துச்சு. பிரேக்கு புடிச்சேன், வழுக்கிட்டுப் போயிருச்சு."

"எங்கடா கெடக்கு செடி? காட்டு பாப்போம்" என்றார் நல்லதம்பி. முன்னாள் வார்டு மெம்பர். தெருவில் நல்லது கெட்டது எதற்கும் முன்னால் நிற்கிறவர்.

ரோடு துடைத்து விட்ட மாதிரி இருந்தது. இலக்கியாவும் பார்த்தாள். உளுந்து எடுக்கிற காலத்தில் அந்தப் பக்கத்து ஊர்கள் எல்லாம் செடியைப் பிடுங்கி வந்து தார் ரோட்டில் பரப்பிவிடுவது வழக்கம்தான். போகிற வருகிற வண்டிச் சக்கரமே அடித்துக் கொடுத்துவிடும், ஆள் கூலி மிச்சம். போலீஸ் எத்தனையோ தடவை ஏசிவிட்டுப் போயிருக்கிறது. ஆனால் இந்த வருஷம் தெருவில் எல்லோரும் களத்தில் டிராக்டர் விட்டு அடிக்கப் போவதாகத்தான் அவள் அம்மா முத்தாள் சொல்லியிருந்தாள்.

"செடியாம் செடி. போன்ல பேசிக்கிட்டு வந்திருப்பான்" என்றாள் ஒருத்தி.

"இலக்கியா, நீ சொல்லு" என்றான் முத்துராஜ். கூட்டத்தில் அவனுக்குத் தெரிந்த முகம் அது ஒன்றுதான். "நான் அப்பிடி ஓட்டுற ஆளா?"

அவன் அப்படிக் கேட்டதே அவளுக்குக் கோபமாக வந்தது. எல்லோர் முன்னாலும் பெயரைச் சொல்லி, உரிமையோடு.

"நீ எப்பிடி ஓட்டுவன்னு எனக்கு எப்பிடிடா தெரியும்? கணக்குப் போட்டாத் தெரிஞ்சுட்டுப் போகுது."

கொத்தனார் வீட்டு டேப்பை வாங்கி வரச் சொன்னாள். ரோட்டில் டயர் தேய்ந்த கறுப்புத் தடம் தொடங்கிய இடத்திலிருந்து வண்டி நின்ற இடம் வரை பிடித்தாள். நாற்பது மீட்டர். தடம் முழுசாக இல்லை. முதல் பத்து மீட்டருக்கு அப்பிக் கிடந்தது, அதற்கப்புறம் வண்டி வரைக்கும் ஒன்றுமே இல்லை. அதை அவள் பார்க்காமல் இல்லை. பிரேக்கை விட்டுவிட்டுப் பிடித்திருப்பான், மடையன் என்று நினைத்துக்கொண்டாள். செல்போனில் தட்டினாள். கடைசி வேகம் சுழி. காய்ந்த தாரில் பிரேக் பிடித்தால் வேகம் எந்த வீதத்தில் குறையும் என்று அவளுக்குத் தெரியும். வேகத்தின் வர்க்கம், இரண்டு பெருக்கல் முடுக்கம் பெருக்கல் தொலைவு.

"தொண்ணூறு" என்றாள். "தொண்ணூறுக்கும் மேல."

"படிச்ச புள்ள சொல்லுது, கேட்டீங்கள்ல" என்றார் நல்லதம்பி ஏட்டிடம்.

முத்துராஜ் அவளையே பார்த்தான். "எனக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது இலக்கியா. செடி கெடந்துச்சு. அவ்வளவுதான்."

"முடுக்கம்னா என்னன்னு கேட்டா முழிச்சவன்தான நீ. ஒனக்கு எப்பிடித் தெரியும்."

கூட்டம் சிரித்தது. அவளும் சிரித்தாள். சத்தம் போட்டு இல்லை. உதட்டோரத்தில், டீச்சர்கள் சிரிப்பது போல.

அப்புறம் நடந்ததெல்லாம் எல்லோரும் எதிர்பார்த்ததுதான். அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டியதாக வழக்கு. லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டார்கள். தொண்ணூறு என்ற பேச்சு ஜெகதாப்பட்டினம் வரைக்கும் போய், வண்டி முதலாளி சாவியைத் திரும்ப வாங்கிவிட்டார். தெருவில் இலக்கியாவுக்கு மரியாதை கூடியது. கடையில் அவளைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தி, "டீச்சர் வாராங்க, வழி விடுங்கப்பா" என்றார்கள். அவளுக்கு அது பிடித்திருந்தது. பிடித்திருந்தது என்பதைப் பின்னால் நினைத்து நினைத்துத்தான் அவளுக்கு உடம்பு கூசியது.

பங்குனி பிறந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. முத்தாள் கொல்லைப்புறத்தில் உட்கார்ந்து உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். இலக்கியா பக்கத்தில் உட்கார்ந்து, புடைத்ததைத் தட்டில் பரப்பிக் கல் பொறுக்கினாள். கறுப்பு உளுந்துக்கு நடுவில் ஏதோ மினுங்கியது. கல் என்று எடுத்தாள். விரலில் சுருக்கென்று ஏறியது. கண்ணாடிச் சில்லு. தட்டைச் சாய்த்தாள். இன்னும் இரண்டு மூன்று. ஒன்றில் ஆரஞ்சு நிறம், இண்டிகேட்டர் மூடியின் துண்டு.

விரலில் ரத்தம் முத்தாகத் திரண்டது. அவள் துடைக்கவில்லை.

"அம்மா. இது என்ன?"

முத்தாள் சுளகை நிறுத்தவில்லை. "என்னத்தயோ. களத்துல கெடந்துருக்கும்."

"களத்துல இண்டிகேட்டர் கெடக்குமா?"

சுளகு நின்றது. முத்தாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தாள் இலக்கியா. முத்தாள் கோபப்படவில்லை.

"டிராக்டர்காரன் வரலை. எல்லாரும் ரோட்டுல போட்டாக, நானும் போட்டேன். நம்ம செடிதான் தெரு முக்குல கெடந்துச்சு. அடிபட்டதும் நல்லதம்பி அண்ணன்தான், போலீஸு வாரதுக்குள்ள அள்ளுங்கன்னுச்சு. அள்ளுனோம்."

"எத்தனை பேரு?"

"தெருவே அள்ளுச்சு. எத்தனை பேருன்னா?"

"அன்னைக்கு நான் டேப்பு புடிச்சு அளந்தப்ப நீ பக்கத்துலதான நின்ன. வாயில என்ன இருந்துச்சு? ஏம்மா சொல்லலை?"

"என்னன்னு சொல்லச் சொல்ற? எஞ்செடியிலதான் ஒஞ்சித்தப்பன் காலு போச்சுன்னு ஏட்டுக்கிட்ட சொல்லவா?" முத்தாள் முதல் தடவையாக மகள் முகத்தைப் பார்த்தாள். "நாங்க செடி இல்லைன்னு மட்டுந்தான் சொன்னோம். தொண்ணூறுன்னு ஒன்னைய யாரு சொல்லச் சொன்னா? அந்த நம்பரு நீ சொன்னது."

தெருவில் எவரிடமும் ஒரு சொல்லுக்கு நாலு சொல் திருப்பிக் கொடுக்கிற இலக்கியா உளுந்துத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள்.

உள்ளே போய், திருத்தாமல் கிடந்த பரீட்சைத் தாள் ஒன்றின் பின்பக்கம் எழுத ஆரம்பித்தாள்.

வகுப்பில் அவள் இதைச் சொல்லிக் கொடுக்கிற விதம் ஒன்று உண்டு. தொலைவு நேரத்தோடு எப்படி மாறுகிறது என்று கேட்டால் வேகம். வேகம் எப்படி மாறுகிறது என்று கேட்டால் முடுக்கம். போகும்போது வகையிடு, திரும்பி வரும்போது தொகையிடு, போய் வரும் பாதை ஒன்றுதான் என்பாள். பையன்கள் தலையாட்டுவார்கள். உடனே, "சரி சரி, பரீட்சைக்கு ஃபார்முலா போதும், அதை மனப்பாடம் பண்ணுங்க" என்று பாடத்தை மூடிவிடுவாள். அவளும் அப்படித்தான் படித்தாள். அந்த ஃபார்முலாக்களுக்கு மேலே புத்தகத்தில் ஒரு வரி இருக்கும்: முடுக்கம் மாறாமல் இருக்கும்போது மட்டும். அந்த வரிக்கு மார்க் கிடையாது. மார்க் இல்லாத வரியை அவள் வாழ்க்கையில் படித்ததே இல்லை.

அன்றைக்கு ரோட்டில் முடுக்கம் மாறியிருக்கிறது. தாரில் ஒன்று, செடி மேல் வேறொன்று. பத்து மீட்டருக்குப் பின் டயர் தாரைத் தொடவே இல்லை, தடம் எங்கிருந்து வரும்? ஒரே எண்ணை நாற்பது மீட்டருக்கும் போட்டுப் பெருக்கியவள் அவள். போட்டிருக்க வேண்டியது தொகையிடல். முடுக்கத்தைத் தொலைவோடு சேர்த்து, துண்டு துண்டாகக் கூட்டிக்கொண்டே வந்தால் கிடைப்பது வேகத்தின் வர்க்கத்தில் பாதி. வகுப்பில் கரும்பலகையில் எத்தனையோ தடவை எழுதியதுதான்.

தார் பத்து மீட்டர், அதற்கு வேகம் குறையும் வீதம் எட்டு. செடி முப்பது மீட்டர், அதற்கு எவ்வளவு? எந்தப் புத்தகத்திலும் இருக்காது. காய்ந்த உளுந்துச் செடி மேல் வண்டி வழுக்குவதை யார் எழுதி வைத்தார்கள்? இரண்டு என்று வைத்துப் பார்த்தாள். அறுபது வந்தது. மூன்று என்று வைத்தாள். அறுபத்தாறு. எப்படி வைத்தாலும் தொண்ணூறு வரவில்லை.

அவள் அதோடு நிறுத்தியிருக்கலாம். கை நிற்கவில்லை. செடியே இல்லாமல் இருந்திருந்தால் அந்த வண்டி எத்தனை மீட்டரில் நின்றிருக்கும் என்று போட்டாள். ஏறத்தாழ இருபதுதான் வந்தது. கருப்பையா நின்றதோ நாற்பதாவது மீட்டரில். வெறும் ரோடாக இருந்திருந்தால் முத்துராஜ் இருபது மீட்டர் தள்ளி நின்று, "பாத்து வாங்கய்யா" என்று கத்திவிட்டுப் போயிருப்பான். சித்தப்பாவும் பதிலுக்கு ஏதாவது ஏசிவிட்டுப் புல்லுக்கட்டோடு வீட்டுக்கு வந்திருப்பார்.

தாளைக் கவிழ்த்து வைத்தாள். முன்பக்கத்தில் யாரோ ஒரு பையன் எழுதிய விடை. அதில் படி ஒன்று விடுபட்டிருந்ததற்கு அவளே போன வாரம் சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தாள்.

மனசு ஒப்பவில்லை. பதினொன்றாம் வகுப்பில் அரசாங்கம் கொடுத்த சைக்கிள் இன்னும் வீட்டில் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு, ஊர் தாண்டி யாரோ ரோட்டில் கொள்ளுச் செடி பரப்பியிருந்த இடத்துக்குப் போனாள். வெறும் தாரில் வேகமாக மிதித்து பிரேக்கைப் பிடித்தாள். சைக்கிள் கிறீச்சென்று நின்றது. அதே வேகத்தில் செடி மேல் ஏறிப் பிடித்தாள். சக்கரம் சுற்றுவதை நிறுத்தியது, சைக்கிள் நிற்கவில்லை. அவளையும் இழுத்துக்கொண்டு போய்க் கடைசியில் பக்கவாட்டில் சாய்த்தது. முழங்கை சிராய்த்துவிட்டது. செடி கிளறிக்கொண்டிருந்த பெண் கவைக்கோலை ஊன்றிக்கொண்டு பார்த்தாள்.

"ஏத்தா, கண்ணு தெரியலையா? செடி கெடக்கது தெரிஞ்சா மெதுவா வரணும்."

"தெரியுதுக்கா" என்று எழுந்தாள் இலக்கியா. "இப்பத்தான் தெரியுது."

மறுநாள் லீவு சொல்லிவிட்டு ஜெகதாப்பட்டினம் போனாள். துறைமுகத்தை ஒட்டிய ஐஸ் கம்பெனி வாசலில் முத்துராஜ் பார் ஐஸை இழுத்து லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தான். சாவி போனதும் அதே முதலாளியிடம் லோடு ஏற்றுகிற வேலை. தோளில் சாக்கு. நனைந்த கைலி. அவளைப் பார்த்தும் வேலையை நிறுத்தவில்லை.

"என்ன டீச்சர், இங்கிட்டு?"

"ஒன்னையப் பாக்கத்தான் வந்தேன்."

"இன்னும் கூடப் போச்சா? நூறா?"

பக்கத்தில் நின்ற ஆட்கள் சிரித்தார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள். செடியைச் சொன்னாள், கண்ணாடிச் சில்லைச் சொன்னாள், தடம் இல்லாத முப்பது மீட்டரைச் சொன்னாள். தொகையிட்டால் அறுபதுக்கும் அறுபத்தாறுக்கும் நடுவில்தான் வருகிறது என்று சொன்னாள். அதையும் பாடம் நடத்துவது போலத்தான் சொன்னோம் என்று சொல்லி முடித்த பிறகே உறைத்தது.

முத்துராஜ் சாக்கை உதறி மடித்தான்.

"நான் அன்னைக்கே அறுபதுன்னு சொன்னேன். நீ இப்ப வந்து அறுபதுன்னு சொல்ற. நடுவுல எதுக்கு அம்புட்டுக் கணக்கு?"

அவள் கணக்குப் போட்ட தாளைப் பையிலிருந்து எடுத்தாள்.

"எனக்குப் புரிய வைக்க வேணாம் இலக்கியா. எனக்குத்தான் தெரியுமே. தப்பா சொன்னது ஊரு முன்னாடி. சரியா சொல்றது மட்டும் ஐஸு கம்பெனி வாசல்ல வந்து என் காதுலயா?"

இன்னொரு பாரைக் கொக்கியில் மாட்டி இழுத்துக்கொண்டு போனான். ஐஸ் இழுபட்ட இடத்தில் ஈரக்கோடு விழுந்தது. அவள் பஸ்ஸுக்கு நடந்தாள்.

அன்று சாயங்காலமே தெருமுக்கு டீக்கடையில் போய் நின்றாள். நல்லதம்பியும் இன்னும் ஏழெட்டு ஆண்களும் இருந்தார்கள். கடைக்கு வழக்கமாகப் பெண்கள் வருவதில்லை. செடியைச் சொன்னாள், அறுபதைச் சொன்னாள்.

"ஏத்தா, கணக்குன்னா ஒரு தடவதான வரும் வெடை?" என்றார் நல்லதம்பி மெதுவாக. "அன்னைக்கு ஒண்ணு, இன்னைக்கு ஒண்ணுன்னா அது என்ன கணக்கு?"

"அன்னைக்குத் தப்பாப் போட்டேன்."

"அப்ப இன்னைக்குப் போட்டதும் தப்பா இருக்கலாம்ல?"

"காலையில ஜெகதாப்பட்டினம் பஸ்ஸ விசாரிச்சுச்சாமே" என்றார் ஒருவர், டீயை ஆற்றிக்கொண்டே. "அந்தப் பயகூட ஒண்ணாப் படிச்ச புள்ளதான."

"ஓ, கணக்கு அங்கிட்டுப் போகுதா" என்று இன்னொருவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். முத்துராஜைப் பார்த்து அவர்கள் சிரித்த அதே சிரிப்பு. அன்று அதில் அவளும் சேர்ந்திருந்தாள். இன்று அது எப்படி இருக்கும் என்று எதிரில் நின்று பார்த்தாள். தப்பாகச் சொன்னபோது படிச்ச புள்ள. சரியாகச் சொன்னால் இதுதான்.

நல்லதம்பி மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து பக்கத்தில் வந்தார்.

"செடின்னு ஆரம்பிச்சா, முக்குல கெடந்தது யாரு செடின்னு கேப்பாக. ஒங்காத்தா பேருதான் மொதல்ல வரும். யோசிச்சுக்க."

வீட்டுக்கு வந்ததும் முத்தாளிடம் அதையே சொன்னாள். முத்தாள் அடுப்பில் இருந்ததைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

"கருப்பையா பொண்டாட்டி தெனம் இங்கிட்டுத்தான் போறா, வாரா" என்றாள் கரண்டியை வைத்துவிட்டு. "நின்னு, ஒம் மக மட்டும் சொல்லலைன்னா அந்தப் பய தப்பிச்சிருப்பான்னு கையப் புடிச்சுக்கிறா. அவ மூஞ்சிய என்னால பாக்க முடியல. போய்ச் சொல்லு. எம்பேரையும் சொல்லு. ஆனா என்னைய வரச் சொல்லாத."

மறுநாள் ஸ்டேஷனில் எஸ்.ஐ. அவளை உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை. காகிதத்தில் சுற்றிய கண்ணாடிச் சில்லுகளை மேஜையில் வைத்தாள். எங்க வீட்டு உளுந்துல இருந்துச்சு சார் என்று சொல்லி, அம்மா பெயரைச் சொன்னாள். தெருவே அள்ளியதைச் சொன்னாள். தன் கணக்கைச் சொன்னாள்.

"சரிம்மா. அப்ப எத்தனையிலதான் வந்தான்? முடிவாச் சொல்லு."

"தெரியாது சார். அறுபதுக்குக் கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும். செடி மேல வேகம் எப்பிடிக் கொறயும்னு துல்லியமா எனக்குத் தெரியாது."

"தெரியாதுங்கிறே. அன்னைக்கு மட்டும் தொண்ணூறுன்னு எப்படிம்மா அடிச்சுச் சொன்னே? டீச்சர் வேற."

கேலிக்காக அவர் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். இலக்கியா மேஜையில் கிடந்த ஆரஞ்சு நிறத் துண்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் ஃபெயிலானவன் சார், அதனால சொன்னேன் என்று தொண்டை வரைக்கும் வந்தது. அதுதான் நிஜம். சொல்ல முடியவில்லை.

"சொன்னேன் சார்" என்றாள். "தப்பு."

வெளியே வேப்ப மரத்தில் முத்துராஜ் சாய்ந்து நின்றிருந்தான். வழக்கு விஷயமாக எஸ்.ஐ. வரச் சொல்லியிருந்தார். அவளைப் பார்த்ததும் நிமிர்ந்தான்.

"சொல்லிட்டியா?"

"ம்."

"ஒங்கம்மா பேரு?"

"சொல்லிட்டேன்."

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் உள்ளே போனான். நன்றி என்றோ பரவாயில்லை என்றோ அவன் சொல்லிவிடக்கூடாது என்று பயந்துகொண்டிருந்தவளுக்கு, அவன் சொல்லாதது நல்லதாகப் போயிற்று.

திரும்பும் பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னால் இருந்த சீட்டில் உட்கார்ந்தாள். ஊர் நெருங்கும்போது ரோட்டில் மறுபடி செடி. நல்லதம்பி வீட்டுக் கொள்ளு, அவர் மகன் ஓரத்தில் நின்று கவையால் தள்ளிக்கொண்டிருந்தான். பஸ் அதன் மேல் ஏறியது. சக்கரத்துக்கடியில் சரசரவென்று சத்தம். இலக்கியாவின் கை தானாகவே முன்னால் இருந்த கம்பியைப் பிடித்தது.

"அண்ணே, மெதுவாப் போங்க. வழுக்கும்."

"நாப்பதுலதாம்மா போறேன்" என்றார் டிரைவர், திரும்பாமல்.

அவர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தால் முள் எங்கே நிற்கிறது என்று தெரியும். அவள் எட்டிப் பார்க்கவில்லை.

"சரிண்ணே" என்றாள்.